இரண்டு மின்சார எஸ்யூவிகளில் எதை எடுப்பது? முழுமையான வழிகாட்டி

பத்துப் பன்னிரண்டு வண்டிகளை அலசி, ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, கடைசியில் இரண்டு பெயர்களோடு நிற்கிறீர்கள். இரண்டும் நடுத்தர அளவு மின்சார எஸ்யூவிகள். ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம். எடை ஏறக்குறைய இரண்டு டன். விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் வாரக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு விமர்சனத்தைப் பார்த்தால் முதல் வண்டி உசத்தியாகத் தெரிகிறது. அடுத்ததைப் பார்த்தால் இரண்டாவது.

நானும் மூன்று மாதம் இப்படித் தவித்தேன். காரணம் பிறகுதான் புரிந்தது. விற்பனைக் கையேட்டில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்களெல்லாம் வேறு யாரோ கேட்ட கேள்விகளுக்கான பதில்கள். நான் என் கேள்வியையே இன்னும் எழுதியிருக்கவில்லை. எழுதிய அன்று பாதிக் குழப்பம் போய்விட்டது. ஆகவே இந்த வழிகாட்டி, "எந்த வண்டி நல்லது" என்று சொல்லப்போவதில்லை. உங்கள் பயணங்களை வைத்து இரண்டு வண்டிகளையும் எப்படி அளப்பது என்று சொல்லும்.

ஒரு சிறு விளக்கம் முதலில். கிலோவாட் மணி என்பதும் மின்கட்டணத்தில் யூனிட் என்று வருவதும் ஒன்றுதான். இங்கே யூனிட் என்றே எழுதுகிறேன். பேட்டரியின் கொள்ளளவு யூனிட்டில் சொல்லப்படும். சார்ஜ் ஏறும் வேகம் கிலோவாட்டில் சொல்லப்படும். தொட்டியின் அளவு ஒன்று, குழாயின் பருமன் மற்றொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மேலே போக முடியாது.

முதல் படி: பயணங்களை எழுதுங்கள்

இரண்டு வாரம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள், வண்டியில் எத்தனை பேர், வண்டி எங்கே எவ்வளவு நேரம் நின்றது. அதற்குக் கீழே, கடந்த ஓராண்டில் சென்ற நீண்ட பயணங்களை நினைவுபடுத்தி எழுதுங்கள்: தூரம், சாலையின் வேகம், எங்கே நின்றீர்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள்.

எழுதும்போது உங்கள் ஊகத்தை நம்பாதீர்கள். "தினமும் நூறு கிலோமீட்டர் ஓடுகிறேன்" என்று நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். ஓடோமீட்டரைக் குறித்து வந்தபோது சராசரி நாற்பதைத் தாண்டவில்லை. ஓராண்டில் 400 கிலோமீட்டருக்கு மேல் போன நாட்கள் ஆறு மட்டுமே. அந்த ஆறு நாட்களுக்காக எவ்வளவு பெரிய பேட்டரி வாங்குவது என்ற கேள்வி அப்போதுதான் தெளிவாக எழுந்தது.

இந்தத் தாளில் எழுத வேண்டிய மிக முக்கியமான ஒரு வரி உண்டு: இரவில் வண்டி நிற்கும் இடத்தில் சார்ஜ் செய்ய முடியுமா? முடியுமென்றால், காலையில் எப்போதும் நிறைந்த பேட்டரியோடு கிளம்புவீர்கள். விரைவுச் சார்ஜிங் வேகம் நீண்ட பயணங்களுக்கு மட்டுமே தேவைப்படும். முடியாதென்றால், ஒவ்வொரு வாரமும் பொது நிலையத்தில் நிற்கப்போகிறீர்கள். அப்போது மூன்றாம், நான்காம் படிகளே உங்கள் முடிவைத் தீர்மானிக்கும்.

இரண்டாம் படி: கையேட்டின் தூரத்தை உங்கள் தூரமாக மாற்றுங்கள்

ஒரு முறை சார்ஜ் செய்தால் 500 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறது. எந்தச் சோதனையில் என்று பாருங்கள். ஐ.நா.வின் கீழ் உருவாகி ஐரோப்பா உட்படப் பல நாடுகள் ஏற்றுக்கொண்ட டபிள்யூஎல்டிபி சோதனை அரை மணி நேரம் ஓடுகிறது. அதன் சராசரி வேகம் மணிக்கு 46.5 கிலோமீட்டர், வெப்பநிலை 23 டிகிரி. அமெரிக்காவின் ஈபிஏ எண் அதைவிடச் சிறியதாக வரும். சீனாவின் சிஎல்டிசி எண் பெரியதாக வரும். ஒரு வண்டிக்கு ஒரு சோதனையின் எண்ணையும் மற்றதற்கு வேறு சோதனையின் எண்ணையும் வைத்து ஒப்பிட்டால் கணக்கு தொடக்கத்திலேயே தவறிவிடும். இரண்டுக்கும் ஒரே சோதனையின் எண் கிடைக்காவிட்டால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள்.

நெடுஞ்சாலையில் நிலைமை மாறுவதற்குக் காற்றே காரணம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிறவர் 120க்கு ஏறினால் எதிர்ப்பு 44 சதவீதம் கூடுகிறது. எஸ்யூவி உயரமானது, அகலமானது. இந்தக் கணக்கு அதற்குக் கூடுதலாக வலிக்கும். நகருக்குள் ஒரே அளவு மின்சாரம் குடிக்கும் இரண்டு வண்டிகள் நெடுஞ்சாலையில் விலகிப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

எனவே ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு எண்களைக் கண்டுபிடியுங்கள். ஒன்று, பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு. நிறுவனங்கள் பேட்டரியின் ஒரு பகுதியைப் பாதுகாப்புக்காகத் திறந்துவிடுவதில்லை. எடுத்துக்காட்டாக, ஃபோக்ஸ்வாகன் ஐடி.4 வண்டியில் வந்த பெரிய பேட்டரியின் மொத்த அளவு 82 யூனிட். ஓட்டுநருக்குக் கிடைப்பது 77. சில நிறுவனங்கள் மொத்த அளவையே விளம்பரம் செய்கின்றன, சில நிறுவனங்கள் பயன்பாட்டு அளவைச் சொல்கின்றன. இரண்டாவது எண், நீங்கள் ஓட்டும் வேகத்தில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் செலவாகிறது என்பது. இதைக் கையேட்டில் தேடாதீர்கள். ஒரே சாலையில், ஒரே நாளில், சீரான வேகத்தில் இரண்டு வண்டிகளையும் ஓட்டி அளந்தவர்களின் சோதனைகளைத் தேடுங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் உங்கள் உண்மையான தூரம் கிடைக்கும்.

வண்டியின் வகைகளுக்குள்ளேயே இந்த எண் மாறும். பெரிய சக்கரம், அகல டயர், இரண்டு மோட்டார் என்று மேலே போகப் போக அதே பேட்டரியில் தூரம் குறையும். பார்வைக்கு எடுப்பான உயர்வகையை ஓட்டிப் பார்த்துவிட்டு, சாதாரண வகையின் தூரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பதிவு செய்கிறவர்கள் பலர். நீங்கள் வாங்கப்போகும் வகை எதுவோ, சக்கர அளவு உட்பட, அதன் எண்ணை மட்டும் எடுங்கள்.

மூன்றாம் படி: நீண்ட பயணத்தைத் தாளில் ஓட்டிப் பாருங்கள்

இந்தப் படியில் அரை மணி நேரம் உட்காருங்கள். வேறு எந்தப் படியும் இவ்வளவு தெளிவைத் தராது.

இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் பயன்படுத்தக்கூடிய பேட்டரி 75 யூனிட். முதல் வண்டி நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 22 யூனிட் குடிக்கிறது. ஆனால் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு 18 நிமிடத்தில் ஏறிவிடுகிறது. இரண்டாம் வண்டி 18 யூனிட் மட்டுமே குடிக்கிறது. அதற்கு 30 நிமிடம் ஆகிறது. எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை. ஆயினும் 18 நிமிடம் என்பது கற்பனை இல்லை: ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா ஈவி6 இரண்டுக்கும் 350 கிலோவாட் நிலையத்தில் அந்த நிறுவனங்கள் சொல்லும் நேரம் அதுதான்.

18க்கும் 30க்கும் உள்ள இடைவெளியைப் பார்த்ததும் முதல் வண்டியே என்று கை போகும். 500 கிலோமீட்டர் பயணம் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். 100 சதவீதத்தில் கிளம்பி, 10 சதவீதத்துக்குக் கீழே போகாமல் ஓட்டுகிறோம். அதாவது முதல் கட்டத்தில் 67.5 யூனிட் செலவழிக்கலாம். முதல் வண்டி 307 கிலோமீட்டர் போய் நிற்கும். இரண்டாவது 375 கிலோமீட்டர் போகும். மீதித் தூரத்துக்கு முதல் வண்டிக்கு 42.5 யூனிட் தேவை; இரண்டாவதுக்கு 22.5 யூனிட் போதும். நல்ல விரைவு நிலையத்தில் முதல் வண்டி ஏறக்குறைய 15 நிமிடம் நிற்கும். இரண்டாவது 13 நிமிடம் நிற்கும். பன்னிரண்டு நிமிட வித்தியாசம் எங்கே போனது? சிக்கனம் அதை விழுங்கிவிட்டது.

இப்போது அதே பயணத்தில், வழியில் இருப்பது 60 கிலோவாட் நிலையம் மட்டுமே என்று வையுங்கள். அங்கே முதல் வண்டியின் வேகத் திறமைக்கு வேலையே இல்லை. இரண்டும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கின்றன. முதல் வண்டிக்கு 42 நிமிடத்துக்கு மேல், இரண்டாவதுக்கு 22 நிமிடம் சொச்சம். ஒரே நாளில், ஒரே சாலையில், நிலையம் மாறியதால் இடைவெளி இருபது நிமிடம்.

800 கிலோமீட்டர் என்றால் கதை வேறு. விரைவு நிலையங்கள் நிறைந்த சாலையில் முதல் வண்டி மொத்தம் 37 நிமிடம் நிற்கும். இரண்டாவது 44 நிமிடம். முதல் வண்டி முந்துகிறது. 60 கிலோவாட் நிலையங்கள் மட்டும் என்றால் 108க்கு எதிராக 76, மறுபடியும் இரண்டாவதே. நீங்கள் அடிக்கடி 800 கிலோமீட்டர் போகிறவரா, உங்கள் வழியில் எந்த நிலையங்கள் இருக்கின்றன என்பதற்கு உங்கள் தாளில் ஏற்கெனவே பதில் இருக்கிறது. இந்தக் கணக்கை உங்கள் இரண்டு வண்டிகளின் எண்களோடு, உங்கள் மூன்று நீண்ட பயணங்களுக்குப் போடுங்கள்.

கணக்கில் கவனிக்க வேண்டியவை சில. 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் மிக மெதுவாகவே ஏறும். மின்கலங்கள் நிறையும்போது மின்னோட்டத்தைக் குறைத்தாக வேண்டும். ஆகவே வழியில் 100 வரை நிரப்புவதாகக் கணக்குப் போடாதீர்கள். விளம்பரத்தில் வரும் உச்ச வேகத்தையும் நம்பாதீர்கள். உச்சத்தைச் சில நிமிடம் தொட்டுவிட்டுச் சரியும் வண்டி ஒன்று, உச்சம் குறைவானாலும் கடைசி வரை தாக்குப்பிடிக்கும் வண்டி மற்றொன்று. 10லிருந்து 80க்கு ஆகும் நேரமே இரண்டையும் நேர்மையாக ஒப்பிடும். சாப்பிடவும் கழிப்பறைக்கும் எப்படியும் இருபது நிமிடம் நிற்கும் குடும்பமென்றால், இரண்டு வண்டிகளும் இருபது நிமிடத்துக்குள் சார்ஜ் ஏறிவிடும் நிறுத்தத்தில் அவற்றின் வித்தியாசம் உங்களுக்குப் பொருட்டில்லை.

நான்காம் படி: சார்ஜிங் நிலையத்தையும் வீட்டையும் நேரில் பாருங்கள்

400 வோல்ட், 800 வோல்ட் என்ற சொற்கள் காதில் விழும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் ஆற்றல் வேகம். நிலையத்தின் கேபிள் 500 ஆம்பியர் தாங்கும் என்றால் 400 வோல்ட் வண்டிக்கு அதிகபட்சம் 200 கிலோவாட் கிடைக்கும். 800 வோல்ட் வண்டி அதைவிடக் குறைந்த மின்னோட்டத்திலேயே அந்த வேகத்தைத் தாண்டிவிடும். கேபிள் சூடாவது குறையும். ஆனால் 400 வோல்ட்டுக்கே வடிவமைத்த நிலையத்தில் இந்த வண்டி தானே அழுத்தத்தை உயர்த்திக்கொள்ள வேண்டும். ஐயோனிக் 5 தன் மோட்டாரையும் இன்வெர்ட்டரையும் பயன்படுத்தி அதைச் செய்கிறது. அப்போது வேகம் குறைகிறது. உங்கள் வழியில் உள்ள நிலையங்களில் பெரும்பாலானவை பழையவை என்றால் 800 வோல்ட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் தூங்கும்.

ஒரு விடுமுறை நாளில் உங்கள் வழியிலுள்ள நிலையங்களுக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை இயங்குகின்றன, எந்த இணைப்பான், ஒரே கருவியை இரண்டு வண்டிகள் பகிர்ந்தால் வேகம் பாதியாகிறதா, கேபிள் உங்கள் வண்டியின் வாய் இருக்கும் பக்கத்துக்கு எட்டுமா. கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். பின்பக்க மூலையில் வாய் உள்ள வண்டியும் முன்பக்கத்தில் வாய் உள்ள வண்டியும் ஒரே நிறுத்தத்தில் முற்றிலும் வேறு மாதிரி நிற்க வேண்டியிருக்கும்.

வீட்டுக் கணக்கு எளிது. ஒற்றை முனை இணைப்பில் 32 ஆம்பியர் கருவி பொருத்தினால் 7.4 கிலோவாட் கிடைக்கும். 75 யூனிட் பேட்டரியை 10லிருந்து 80க்கு ஏற்ற ஏழு மணி நேரம், இழப்பையும் சேர்த்தால் எட்டு. வண்டிக்குள் இருக்கும் சார்ஜர் 11 கிலோவாட் என்று பெருமையாக எழுதியிருந்தால், மும்முனை இணைப்பு இருப்பவருக்கு மட்டுமே அது பயன்படும்.

ஐந்தாம் படி: பேட்டரியின் வேதியியலைக் கேளுங்கள்

விற்பனையாளர் தானாகச் சொல்லமாட்டார். நீங்கள் கேட்க வேண்டும். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த கலங்கள் ஒருவகை, இவை என்எம்சி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலங்கள் மற்றொரு வகை, இவை எல்எஃப்பி. முதல் வகை ஒரே எடையில் அதிக ஆற்றலைப் பிடிக்கும். இரண்டாவது வகையில் நிக்கலும் கோபால்ட்டும் இல்லை. அதிகத் தடவை நிரப்பிக் காலி செய்தாலும் தாங்கும். வெப்பத்தில் எளிதாகக் கட்டுமீறிப் போகாது. ஆனால் கடும் குளிரில் சார்ஜ் ஏற்றிக்கொள்ள மந்தமாகும். பிஒய்டி அட்டோ 3 வண்டியின் 60.48 யூனிட் பேட்டரி இரண்டாவது வகை. டெஸ்லா மாடல் ஒய் வண்டியோ வகையைப் பொறுத்து இரண்டு வேதியியலிலும் வந்திருக்கிறது.

இதில் வாங்குகிறவர்கள் கவனிக்கத் தவறும் ஒரு கணக்கு இருக்கிறது. என்எம்சி பேட்டரியைத் தினசரி உபயோகத்தில் 80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்கிறார்கள். எல்எஃப்பி பேட்டரியை 100 வரை நிரப்பலாம். சார்ஜ் அளவைச் சரியாகக் காட்டுவதற்காக அவ்வப்போது நிரப்பவும் சொல்கிறார்கள். அப்படியென்றால் 75 யூனிட் என்எம்சி வண்டியில் தினமும் உங்கள் கைக்கு வருவது 60 யூனிட். 60 யூனிட் எல்எஃப்பி வண்டியிலும் அதே 60. நீண்ட பயணத்தன்று மட்டும் முதல் வண்டி 100 வரை நிரம்பி முன்னே போகும். உங்கள் தாளில் நீண்ட பயணங்கள் எத்தனை?

குளிர் கடுமையான இடத்தில் இருப்பவர்கள், வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்ப் உண்டா என்று கேட்க வேண்டும். சாதாரண மின்சூடேற்றி ஒரு யூனிட் செலவில் ஒரு யூனிட் வெப்பமே தரும். ஹீட் பம்ப் மிதமான குளிரில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தரும். வெப்பமான இடத்தில் இருப்பவர்கள் இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ஆறாம் படி: குடும்பத்தோடு போய் உட்காருங்கள்

மின்சார எஸ்யூவியில் பேட்டரி தரைக்கு அடியில் படுத்திருக்கிறது. அதனால் தரை உயர்கிறது. கூரையும் அதற்கேற்ப உயராவிட்டால், பின்னிருக்கையைத் தாழ்த்தி வைக்கிறார்கள். உட்கார்ந்தால் முழங்கால் மேலே எழும்பி, தொடைக்குத் தாங்கல் இல்லாமல் போகும். ஷோரூமில் இரண்டு நிமிடம் உட்காரும்போது தெரியாது. ஒரு மணி நேரத்தில் இடுப்பு சொல்லிவிடும். என் அம்மாவை இரண்டு வண்டிகளின் பின்னிருக்கையிலும் உட்காரவைத்தேன். கால்நீட்ட அதிக இடம் கொண்ட வண்டியைவிட, இருக்கை உயரமாக இருந்த மற்றொரு வண்டியே அவருக்குப் பிடித்தது. இடம் என்பது முழங்காலுக்கும் முன்னிருக்கைக்கும் நடுவிலுள்ள இடைவெளி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

முதலில் ஓட்டுநர் இருக்கையை உங்களுக்குச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு நேர் பின்னால் உட்காருங்கள். பாதம் முன்னிருக்கையின் அடியில் நுழைகிறதா? தொடை இருக்கையில் படிகிறதா? தலைக்கும் கூரைக்கும் எவ்வளவு இடைவெளி? நடுவில் மூன்றாமவர் உட்கார்ந்தால் தோள் இடிக்கிறதா? குழந்தை இருக்கை பொருத்துவீர்கள் என்றால் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பொருத்திப் பாருங்கள்.

வெளி நீளத்தை வைத்து உள்ளே உள்ள இடத்தை ஊகிக்க முடியாது. ஐயோனிக் 5 வண்டியின் முதல் வடிவத்தின் நீளம் 4,635 மில்லிமீட்டர். முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 3,000. மாடல் ஒய் வண்டியின் முதல் வடிவம் 4,750 மில்லிமீட்டர் நீளம். சக்கர இடைவெளி 2,890. நீளத்தில் குறைந்தது, இடைவெளியில் கூடியது. ஐயோனிக் 5 வண்டியும் கியா ஈவி6 வண்டியும் இ-ஜிஎம்பி என்ற ஒரே அடித்தளத்தில் எழுந்தவை. ஆனால் கியாவின் சக்கர இடைவெளி 2,900, கூரையும் தாழ்வு. அடித்தளம் ஒன்றென்பதால் வண்டியும் ஒன்றாக இருக்காது.

டிக்கியின் லிட்டர் எண்ணைப் படிப்பதற்குப் பதிலாக உங்கள் பெட்டிகளைக் கொண்டுபோய் அடுக்குங்கள். கதவின் சரிவு, தரையின் உயரம், உள்ளே எழும்பும் சக்கர வளைவு இவற்றை லிட்டர் சொல்லாது. முன்பக்க மூடிக்கு அடியிலும் சில வண்டிகளில் பெட்டி உண்டு. சார்ஜிங் கேபிள் வைக்க அது பெரிய உதவி. கூரை முழுதும் கண்ணாடி என்றால் வெயிலில் நிறுத்தி அரை மணி கழித்து உள்ளே போய் உட்காருங்கள். மறைக்கத் திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏழாம் படி: விற்பனையாளர் காட்டும் சாலையை விட்டு வெளியே ஓட்டுங்கள்

ஷோரூம்காரர்கள் வழுவழுப்பான ஒரு சாலையில் பதினைந்து நிமிடம் அழைத்துப் போவார்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தச் சொல்வார்கள், வண்டி பாயும். எல்லா மின்சார வண்டியும் பாயும். அதை ரசித்துவிட்டு, குண்டும் குழியுமான சாலை ஒன்றில் மணிக்கு இருபது கிலோமீட்டரில் ஓட்டுங்கள். கனமான வண்டியைப் பிடித்து நிறுத்த சஸ்பென்ஷன் இறுக்கமாக இருக்கும். பெரிய சக்கரமும் பக்கச் சுவர் தாழ்ந்த டயரும் சேர்ந்தால் ஒவ்வொரு பள்ளமும் முதுகுக்கு வரும்.

பிறகு இடத்தை மாற்றிக்கொண்டு பின்னிருக்கைக்கு வாருங்கள். காலை எடுத்ததும் வண்டி தானே வேகம் குறைந்து மின்சாரத்தைத் திரும்பச் சேமிக்கும் அமைப்பு ஓட்டுநருக்குச் சுகமானது; பின்னால் இருப்பவர்கள் பலருக்கு அது குமட்டலைத் தரும். அதன் அளவைக் குறைக்க முடிகிறதா, குறைத்த அளவை வண்டி அடுத்த முறை நினைவில் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். இது சில வண்டிகளில் முடியும், சிலவற்றில் முடியாது.

இன்னொரு முறை இரவில் போய் ஓட்டுங்கள். முன்விளக்கு, கண்ணாடியில் தெரியும் திரையின் பிரதிபலிப்பு, பின்புறக் காட்சி மூன்றும் பகலில் புலப்படாது. மழை கிடைத்தால் இன்னும் நல்லது. ஐயோனிக் 5 வண்டியின் தொடக்க ஆண்டுகளில் பின்கண்ணாடிக்கு வைப்பர் இல்லை. புதுப்பித்த வடிவில்தான் அதைச் சேர்த்தார்கள். வெயில் நாளில் ஓட்டிப் பார்த்த யாருக்கும் அது உறைத்திருக்காது.

எட்டாம் படி: திரையோடு பத்து நிமிடம்

வண்டி நின்றிருக்கும்போது, ஏசியின் வெப்பநிலை, வைப்பர் வேகம், பக்கக் கண்ணாடி, பனிமூட்டம் நீக்குதல் இவற்றைச் செய்து பாருங்கள். எத்தனை முறை கண் சாலையை விட்டு விலக வேண்டியிருக்கும் என்று எண்ணுங்கள். மாடல் ஒய் வண்டியில் ஓட்டுநருக்கு நேர் எதிரே திரையே இல்லை. வேகம்கூட நடுத்திரையில்தான் தெரியும். சிலருக்கு இரண்டு நாளில் பழகிவிடுகிறது, சிலருக்குப் பழகவே இல்லை. நீங்கள் எந்த வகை என்பதை ஓட்டித்தான் அறிய முடியும். அடிப்படை வேலைகளுக்குத் தனிப் பொத்தான் வேண்டும் என்ற கருத்து இப்போது வலுக்கிறது. ஐரோப்பாவின் வாகனப் பாதுகாப்புச் சோதனை அமைப்பான யூரோ என்கேப்பும் 2026 முதல் அதை மதிப்பெண்ணில் சேர்க்க முடிவு செய்தது.

வரைபடத்தில் உங்கள் மிக நீண்ட பயணத்தின் முகவரியை இடுங்கள். எங்கே நின்று, எத்தனை நிமிடம் சார்ஜ் செய்ய வேண்டும், எத்தனை சதவீதத்தோடு போய்ச் சேர்வீர்கள் என்று வண்டியே சொல்கிறதா? நிலையத்தை நெருங்கும்போது பேட்டரியைத் தேவையான சூட்டுக்குக் கொண்டுவருகிறதா? இந்த இரண்டும் நன்றாக இருக்கும் வண்டி நீண்ட பயணத்தில் மனத்துக்கு மிகுந்த அமைதி தரும்.

ஒன்பதாம் படி: வாங்கிய பிறகான எட்டு ஆண்டுகள்

பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. அதற்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் பொறுப்பேற்கின்றன. எழுத்தில் அந்த 70 இருக்கிறதா என்று பாருங்கள். பழுதுக்கு மட்டும் உத்தரவாதம், கொள்ளளவுக் குறைவுக்கு இல்லை என்ற வாசகம் வந்தால் அது வேறு பொருள். குறைவை யார் அளப்பார்கள், எப்படி அளப்பார்கள் என்றும் கேளுங்கள்.

இரண்டு வண்டிகளுக்கும் திரும்ப அழைத்த வரலாற்றைத் தேடுங்கள். ஹூண்டாயும் கியாவும் 2024 மார்ச்சில் அமெரிக்காவில் இ-ஜிஎம்பி வண்டிகளைத் திரும்ப அழைத்தன. சிறிய 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஐசிசியூ என்ற கட்டுப்பாட்டுப் பாகம் பழுதானால், அந்தச் சிறு பேட்டரி இறங்கி, ஓடும்போதே வண்டி சக்தியிழக்கலாம் என்பது காரணம். இத்தனை பெரிய பேட்டரி இருந்தும் கதவையும் கணினியையும் எழுப்புவது அந்தச் சிறிய 12 வோல்ட்தான் என்பது புதிதாக வாங்குகிறவர்கள் பலருக்கு வியப்பாக இருக்கும். எந்த நிறுவனமும் திரும்ப அழைப்புக்கு விலக்கில்லை. ஆகவே அழைத்ததா என்பதைவிட, எவ்வளவு விரைவாகச் சரிசெய்தது, உங்களுக்கு அருகிலுள்ள பணிமனையில் உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்களா, பாகம் வர எத்தனை நாளாகிறது என்று விசாரியுங்கள். பதிலை ஷோரூமில் கேட்காதீர்கள். பணிமனை வாசலில் வண்டியை எடுக்கக் காத்திருப்பவர்களிடம் கேளுங்கள்.

என் வண்டியில் மூன்றாம் மாதம் ஒரு டயர் கிழிந்தது. ஸ்டெப்னி இல்லை, பஞ்சர் ஒட்டும் பசைதான் கொடுத்திருந்தார்கள், அது பக்கச் சுவர்க் கிழிசலுக்கு உதவாது. அந்த அளவு டயர் வந்துசேர ஒன்பது நாள் ஆயிற்று. இரண்டு டன் எடையும் உடனடி முறுக்குவிசையும் டயரைச் சீக்கிரம் தேய்க்கும். ஆகவே இது ஒரு தடவையோடு முடியும் செலவில்லை. பதிவு செய்யும் முன்பே டயரின் அளவைக் குறித்துக்கொண்டு இரண்டு கடைகளில் விசாரியுங்கள். சக்கர அளவைத் தேர்ந்தெடுக்க முடியுமென்றால் சிறியதையே எடுங்கள்: தூரம் கூடும், முதுகு பிழைக்கும், டயர் எளிதில் கிடைக்கும்.

பத்தாம் படி: முடிவு

தாளை எடுங்கள். இதுவரையிலான விடைகள் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும்: மூன்று நீண்ட பயணங்களில் நிற்கும் நேரம், தினசரி கைக்கு வரும் யூனிட், பின்னிருக்கை, சாலை, திரை, பணிமனை. எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டாதீர்கள். கூட்டினால் இரண்டு வண்டிகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும், நீங்களும் பழைய இடத்துக்கே வருவீர்கள். ஒவ்வொரு வண்டியிலும் உங்களால் பொறுத்துக்கொள்ளவே முடியாத குறை ஒன்று உண்டா என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றில் இருக்கும். இருந்தால் அது விலகிவிடும்.

இரண்டிலும் இல்லையென்றால், வாடகைக்குக் கிடைத்தால் ஒவ்வொன்றையும் ஒரு முழு நாள் எடுத்து, பட்டியலிலுள்ள நீண்ட பயணத்தில் பாதியையாவது ஓட்டுங்கள். வழியில் ஒரு முறை சார்ஜ் செய்யுங்கள். வீட்டில் எல்லோரையும் தனித்தனியே, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், எந்த வண்டி என்று எழுதச் சொல்லுங்கள்.

பதிவுப் படிவத்தில் கையெழுத்திடும் முன் நான்கு விவரங்களை எழுத்தில் வாங்குங்கள்: வகையின் முழுப் பெயர், சக்கர அளவு, பேட்டரியின் பயன்பாட்டுக் கொள்ளளவும் வேதியியலும், வண்டி தயாரான மாதம். புதுப்பித்த வடிவம் வந்த பிறகும் பழைய இருப்பு ஷோரூமில் நிற்கும். அது நல்ல தள்ளுபடியோடு வந்தால் தெரிந்தே எடுக்கலாம், தெரியாமல் எடுக்கக் கூடாது. மாதங்களாக நின்ற வண்டி என்றால் 12 வோல்ட் பேட்டரியை உங்கள் முன் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.